மல்லிகைக் கடையில் ஒரு சமன்பாடு

பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது மகா பாவம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தைத்தான் நான் சில வருஷங்களாகச் செய்து வருகிறேன். வாசகர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். கடிதத்துக்கு உடையவர்களே அதைக் கொண்டுவந்து, "டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், எங்களுக்குத் தொடவே பயமாயிருக்கிறது" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் வெற்றிலை போடுகிறவள் என்பது தெரிந்தவர்கள் சோழவந்தான் வெற்றிலையில் ஒரு கவுளி வைத்துவிட்டுப் போவதும் உண்டு.

நான் டீச்சரானது டைப்ரைட்டிங்கில். மதுரையில் சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், பதினொரு டைப்ரைட்டர்களை வைத்துக்கொண்டு இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தேன். லோயர், ஹையர் பரீட்சைக்கு என்னிடம் தட்டிப் பழகியவர்கள் இன்று கோர்ட்டிலும் கலெக்டர் ஆபீஸிலும் ஓய்வுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பத்து யந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. ஒன்று மட்டும், விற்க மனம் வராமல், மூலையில் துணி போர்த்தி இருக்கிறது. அந்த இடத்தில் நாலு கம்ப்யூட்டர்களைப் போட்டு, மனு, பத்திரிகை, பயோடேட்டா என்று அச்சடித்துக் கொடுக்கும் தொழிலுக்கு மாறினேன். என் அக்காள் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு உத்தியோகம் பார்க்கிறான். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், பொழுது போகாமல் எனக்குக் கற்றுக் கொடுத்ததுதான் இந்த வித்தை.

அந்தக் காலத்துக் கடிதம் துக்கச் செய்தி கொண்டு வரலாம். கடன்காரனின் மிரட்டல் கொண்டு வரலாம். ஆனால் உறையைக் கிழித்தவுடன் காகிதமே எழுந்து போய் பீரோச் சாவியை எடுத்துக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் கடிதம் அதைச் செய்யும். எப்படி என்கிறீர்களா?

ஒரு தஸ்தாவேஜு பைல் என்பது காகிதம் மாதிரி ஒற்றைத் தாள் அல்ல. அது நம் வீட்டு டிபன் கேரியர் மாதிரி. மேலே பார்த்தால் ஒரே பாத்திரம். கொக்கியை நீக்கினால் அடுக்கடுக்காய் வரும். இப்போது நீங்கள் வேர்டில் எழுதிச் சேமிக்கும் பைலை ஒரு 'ஜிப்' மூட்டை என்றே சொல்லலாம். அதன் முதல் இரண்டு எழுத்துக்கள் 'பி.கே.' என்றிருக்கும். ஜிப் முறையைக் கண்டுபிடித்த பில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் தலைப்பெழுத்துக்கள் அவை. தினமும் கோடிக்கணக்கான பைல்களின் நெற்றியில் அந்த மனிதரின் பெயர் எழுதப்படுகிறது. அவர் 2000-ல் தமது 37-வது வயதிலேயே காலமாகிவிட்டார். அதற்கு முந்தின காலத்து வேர்டு பைலின் நெற்றியில் 'டி-0-சி-எஃப்-1-1-ஈ-0' என்றிருக்கும். எண்களை எழுத்துக்களாகப் பாவித்து வாசித்தால் 'டாக்ஃபைல்' என்று வரும். பெரிய கம்பெனி என்ஜினீயர்களுக்கும் குறும்பு இருக்கிறது, பாருங்கள்!

ஒரு அடுக்கில் உங்கள் எழுத்து, ஒன்றில் படங்கள், ஒன்றில் எழுத்து வடிவம். இவற்றோடு 'மாக்ரோ' என்று ஒரு அடுக்கு இருக்கலாம். அதில் இருப்பது சாதமும் அல்ல, குழம்பும் அல்ல, சமையற்காரனே உட்கார்ந்திருக்கிறான்! 'பைலைத் திறந்தவுடன் இதைச் செய்' என்று எழுதி வைத்தால் செய்துவிடுவான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் அதை வைத்தார்கள். 1999 மார்ச்சில் 'மெலிஸா' என்ற வேர்டு பைல், திறந்தவரின் விலாசப் புத்தகத்தில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்தது. அதற்கப்புறம் மாக்ரோவுக்குப் பூட்டுப் போட்டார்கள். திருடர்கள் என்ன செய்தார்கள்? "இந்தத் தஸ்தாவேஜு பாதுகாக்கப்பட்டது, படிக்க வேண்டுமானால் மேலே மஞ்சள் பட்டையிலுள்ள பொத்தானை அழுத்தவும்" என்று பைலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். ஜனங்களும் அழுத்தினார்கள். வீட்டுக்காரரையே விட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்லும் இந்தச் சாமர்த்தியம் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. இணையத்திலிருந்து வரும் பைல்களில் மாக்ரோவை மைக்ரோஸாப்ட் ஒரேயடியாகத் தடுக்க ஆரம்பித்ததே 2022-ல்தான்.

நம் தேசத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலா என்ற மலை ஊரில் தலாய் லாமாவின் அலுவலகம் இருக்கிறது. 2008-ல் திபெத்தியர்களைச் சேர்ந்த இடங்களுக்கு ஒரு ஈமெயில் வந்தது. திபெத் விடுதலைக்குப் பாடுபடும் ஒரு சங்கத்தின் விலாசத்திலிருந்து வந்தது போலத் தோற்றம். கூட ஒரு வேர்டு பைல். வெளிநாட்டில் வாழும் திபெத்தியர்களின் அடையாளப் புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பு என்று தலைப்பு. யாருக்குச் சந்தேகம் வரும்? டொராண்டோவிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் அந்தப் பைலை 34 வைரஸ் தடுப்பு மருந்துகளிடம் காட்டினார்கள். விஷம் என்று கண்டுகொண்டவை 11 மட்டுமே! வைத்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர், "ஒன்றுமில்லை, சாப்பிடலாம்" என்று சொன்ன மாதிரி.

ஷிஷிர் நாகராஜாவும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்ஸனும் இதே விஷயத்தைத் தனியாக எழுதினார்கள். அதில் எனக்கு மனத்தில் பதிந்தது இதுதான்: ஒரு பிக்ஷு உண்மையாகவே எழுதிய கடிதத்தை வழியிலேயே பிடித்து, கூட இருந்த பைலை எடுத்துவிட்டு, விஷம் தடவிய பைலை வைத்து அனுப்பினார்களாம். எழுதியவர் நிஜம், விஷயம் நிஜம்; உள்ளே இருப்பது மட்டும் வேறு. தலாய் லாமாவின் அலுவலகம் வெளிநாட்டு ராஜதந்திரி ஒருவரை ஈமெயிலில் அழைத்தது. தொடர்ந்து டெலிபோனில் பேசலாம் என்று எடுப்பதற்குள், "போகாதீர்கள்" என்று சீனாவிலிருந்து அவருக்குச் சொல்லப்பட்டுவிட்டதாக அந்த அறிக்கை கூறுகிறது. 2009 மார்ச்சில் இரண்டு அறிக்கைகளும் வெளிவந்தன. 103 தேசங்களில் 1,295 கம்ப்யூட்டர்கள் இந்த வலையில் விழுந்திருந்ததாக டொராண்டோக்காரர்கள் கணக்கிட்டார்கள். நம் நாட்டுத் தூதரகங்களின் யந்திரங்களும் அதில் இருந்தன. சீன அரசாங்கம் தனக்குச் சம்பந்தமில்லை என்று மறுத்தது. டொராண்டோ அறிக்கையும் குற்றவாளி இன்னார் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை.

பணத்துக்காக நடப்பது இன்னும் அதிகம். பங்களாதேஷ் மத்திய வங்கியில் 2016 பிப்ரவரியில் 95 கோடி டாலருக்குக் குறிவைத்தார்களே, அதற்கு ஒரு வருஷம் முன்பே வங்கி ஊழியர்களுக்கு, வேலை தேடும் ஒருவர் பெயரில், 'என் பயோடேட்டாவைப் பாருங்கள்' என்று மிக மரியாதையாக ஈமெயில்கள் போயிருந்தன. நான் தினமும் பத்துப் பேருக்கு பயோடேட்டா தட்டிக் கொடுக்கிறவள். அந்த விஷயத்தைப் படித்த அன்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தில் 2 கோடி டாலர் இலங்கைக்குப் போக இருந்தது. பெற்றுக்கொள்ள வேண்டிய ஸ்தாபனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துப் பிழை விட்டிருந்ததால், நடுவிலிருந்த ஜெர்மன் வங்கி சந்தேகப்பட்டுக் கேட்டு, பணம் பிழைத்தது. ஸ்பெல்லிங் தப்பினால் ஒரு மார்க் குறைப்பேன் நான். அந்தத் திருடர்களுக்கு 2 கோடி டாலர் குறைந்தது.

போகட்டும். தர்மசாலாவும் டாக்காவும் நமக்குத் தூரம். மாட்டுத்தாவணிக்கு வருவோம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டை விடியற்காலையில் பார்க்காதவர்கள் மதுரையைப் பாதிதான் பார்த்தவர்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வயல்களில் இருட்டோடு இருட்டாகப் பறித்த மொட்டுக்கள், ஈரச் சாக்கில் வந்து இறங்கும். கிலோ விலை மணிக்கொரு தரம் ஏறும், இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி அங்கிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பறந்து போகிறது. அப்படி அனுப்புகிற ஒரு கடையில் 34 வருஷமாகக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், 2019-ல் ஒரு நாள் என் மாடிப்படி ஏறி வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, நான் களவாடவில்லை என்று உங்கள் யந்திரம் சொல்லுமா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். துபாய் வியாபாரி இரண்டு மாதப் பாக்கியை அனுப்பவேண்டும். கேட்டால், "அனுப்பிவிட்டேனே!" என்கிறார். எங்கே? கடை முதலாளி வாசலைக்கூட மிதித்திராத ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்கு. "எங்கள் கணக்கு தணிக்கையில் இருப்பதால் இந்தப் புதுக் கணக்கில் கட்டவும்" என்று கணக்கப்பிள்ளையின் பெயர் போட்டு ஈமெயில் வந்ததாம். கடையில் ஈமெயில் எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். முதலாளி சின்ன வயசுக்காரர். பெரிய முதலாளியின் பிள்ளை. கடையில் தவழ்ந்த நாளிலிருந்து இவரை 'சித்தப்பா' என்று அழைத்தவர், அன்றைக்கு, "என்னய்யா இது?" என்றாராம். இரும்புப் பெட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாராம். பூ கொடுத்த சம்சாரிகள் வேறு பட்டுவாடாவுக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தக் காசு போனதைவிட, அந்த 'என்னய்யா'தான் அம்மா..." என்றவர் மேலே சொல்லவில்லை.

நான் முதலாளிக்கே டெலிபோன் செய்தேன். "பாருங்கள், டீச்சர். எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். குரலில் நம்பிக்கையும் இல்லை. கடைப் பையன் கடந்த இரண்டு மாதத்தில் வந்த பைல்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். துபாய்க்காரருக்குப் போன அந்த ஈமெயிலையும் வரவழைத்தோம்.

என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறது. அதற்கு இணையத் தொடர்பு கிடையாது. மடி ஆசாரம் மாதிரி. அதில் பட்டது வேறு எதிலும் படக் கூடாது. பைல்களை அதில் போட்டு, திறக்காமலேயே, நெற்றி எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு போனேன். விமானக் கம்பெனி ரசீது, சுங்கச் சீட்டு, விலைப்பட்டியல், எல்லாம் ஒழுங்கு. மூன்று வாரத்துக்கு முன் வந்த ஒரு 'கொள்முதல் ஆர்டர்' மட்டும் இடித்தது. பெயரில் பழைய வேர்டு பைல் என்று போட்டிருக்கிறது; நெற்றியிலோ 'ஆர்.டி.எஃப்.' என்ற வேறு ஜாதி எழுத்து. பெயர் ஒன்று, பிறப்பு ஒன்று! உள்ளே போய்ப் பார்த்தால் ஆர்டர் என்று ஒரு வரி இல்லை. பக்கம் பக்கமாக எண்களும் எழுத்துக்களும் ஒரே நெரிசல்.

இந்த மாதிரி நெரிசலைப் பிரித்துக் காட்டுவதற்கு நல்ல மனிதர்கள் சிலர் கருவிகள் எழுதி, இலவசமாகவே உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் டிடியர் ஸ்டீவன்ஸ் என்பவர் ஒருவர். பிரான்சுக்காரர் பிலிப் லாகதெக் இன்னொருவர். லாகதெக்கின் கருவியால் பிரித்தபோது, நெரிசலுக்குள் ஒரு பெட்டி புதைந்திருப்பது தெரிந்தது. அதன் மேல் 'ஈக்வேஷன்' என்று எழுதியிருந்தது.

ஈக்வேஷன் என்றால் சமன்பாடு. கணித வாத்தியார்கள் வர்க்க மூலம், பின்னம் எல்லாம் போட்டு எழுதுவதற்காக வேர்டில் ஒரு சிறு யந்திரம் இருந்தது; அதன் பெயர். நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "உங்கள் பூ வியாபாரத்தில் சமன்பாடு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"கிலோவை விலையால் பெருக்குவோம். கழிவு தள்ளுவோம். அதற்குமேல் எங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்றார், பாவம்.

அந்தச் சமன்பாட்டு யந்திரம் 2000-ல் செய்தது. அதற்குப்பின் பல வருஷம் அதை யாரும் தொடவில்லை. அளவுக்கு மீறி நீளமான ஒரு பெயரை அதனிடம் கொடுத்தால், படியில் அரிசி நிரம்பி வழிந்து பக்கத்துப் பானையில் விழுவது போல, எழுத்துக்கள் வழிந்து கட்டளைகள் இருக்கும் இடத்தில் விழும். திருடன் வழிய விடுவது வெறும் எழுத்தல்ல, அவனுடைய கட்டளை. இதற்கு மஞ்சள் பட்டையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். பைலைத் திறந்தாலே போதும். பதினேழு வருஷம் தூங்கிய இந்த ஓட்டையை 2017 நவம்பரில் மைக்ரோஸாப்ட் அடைத்தது. 2018 ஜனவரியில் அந்த யந்திரத்தையே எடுத்துவிட்டது. ஆனால் அடைப்பு வந்தால் போதுமா? கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது என்றோ போட்ட பழைய ஆபீஸ். யாரும் புதுப்பிக்கவில்லை. ஆர்டர் வந்தால் திறப்பது கணக்கப்பிள்ளையின் உத்தியோகம், திறந்திருக்கிறார். வெறும் பக்கம் தெரிந்ததால் மூடிவிட்டு மறந்திருக்கிறார்.

பெட்டிக்குள் ஒரு இணைய விலாசமும் இருந்தது. அங்கேயிருந்து இன்னொரு நிரலை இறக்கிக்கொள்ளும்படி கட்டளை. அதற்குமேல் என் தகுதிக்கு மீறியது. அக்காள் மகனுக்கு அனுப்பினேன். அவன் சென்னையில், கண்ணாடிக் கூண்டில் பாம்பை விட்டுப் பார்ப்பது போல, வெளியேற வழியில்லாத ஒரு பொய்க் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டுப் பார்த்தான். விசைப்பலகையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்து வெளியே அனுப்பும் சரக்கு என்று சொன்னான். அப்படியானால் ஈமெயில் கடவுச்சொல் போன வழி தெரிந்துவிட்டது. திருடன் மூன்று வாரம் சாவகாசமாக உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்த நடையில் எழுதுவார்கள் என்று படித்திருக்கிறான்.

துபாய்க்குப் போன ஈமெயிலைப் பார்த்தோம். விலாசம் அசல் கடை விலாசம் மாதிரியே இருந்தது. ஆனால் ஆங்கில 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற சின்ன எழுத்துக்கள் இரண்டை ஒட்டிப் போட்டிருந்தார்கள். டைப் டீச்சர் கண்ணுக்கே இரண்டாவது தடவைதான் தெரிந்தது. அந்தப் போலி விலாசத்தைப் பதிவு செய்து நாலே நாள் ஆகியிருந்தது.

முதலாளி கெட்டிக்காரர். "இவரே ஆளை வைத்துச் செய்திருக்கலாமே, டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கைரேகை வைத்திருந்தேன். எந்தப் பைலுக்கும் 64 எழுத்துக்களில் ஒரு கைரேகை கணக்கிடலாம். ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். ஸ்பெயினில் 2004-ல் ஆரம்பித்து, பிறகு கூகுள் வாங்கிய 'வைரஸ்டோட்டல்' என்ற இடத்தில் உலகத்தார் கொண்டுவந்து காட்டிய பைல்களின் ரேகைகள் இருக்கின்றன. பைலை அங்கே கொடுக்காமல் ரேகையை மட்டும் கேட்கலாம். (கொடுத்தால் பணம் கட்டிய பிறரும் அதை எடுத்துப் பார்க்கலாம், கடை ரகசியம் வெளியே போகும். இதை மறந்துவிடாதீர்கள்.) கேட்டேன். அதே ரேகையுள்ள பைல் கடைக்கு வருவதற்கு முந்தின நாளே அங்கே வந்திருந்தது. ஒருவர் அதை இரும்புக் குழாய் ஆர்டர் என்ற பெயரிலும், இன்னொருவர் ஆஸ்பத்திரிச் சாமான் விலைப்பட்டியல் என்ற பெயரிலும் காட்டியிருந்தார்கள். ஊர் ஊராக வீசிய வலை; மாட்டுத்தாவணியும் அதில் ஒன்று. உசிலம்பட்டி பஸ்ஸில் போய்வரும் ஒரு கணக்கப்பிள்ளை, எங்கோ உள்ள இரும்பு வியாபாரிக்கும் சேர்த்துச் சதி செய்வாரா?

இவற்றை எல்லாம் தேதியும் நேரமும் போட்டு, இரண்டு பக்கத்தில், தமிழில் தட்டிக் கொடுத்தேன். முதலாளி நின்றபடியே படித்தார். திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு, கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றதாம். "சித்தப்பா, பட்டுவாடாவுக்கு ஆள் நிற்கிறது, வாங்க" என்று சாவியை நீட்டினாராம்.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பணம் திரும்பவில்லை. துபாய்க்காரரும் முதலாளியும் நஷ்டத்தில் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டார்கள். இப்போது 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போனது தெரிந்தவுடன் கூப்பிட்டால், மேலே நகருவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். அப்போது அந்த வசதி இல்லை.

இப்போதெல்லாம் என்னிடம் வருவது கல்யாணப் பத்திரிகைதான் அதிகம். 2024-லிருந்து வாட்ஸப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து 'அழைப்பிதழ்' என்று வருகிறது. பத்திரிகை படமாக இருக்கலாம், 'பி.டி.எஃப்.' ஆக இருக்கலாம். பெயரின் வால் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது பத்திரிகையே அல்ல. போனில் குடியேறப் பார்க்கும் ஒரு செயலி. உள்ளே வந்தவுடன் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும்; வங்கி அனுப்பும் ரகசிய எண் அதில்தானே வருகிறது! எந்த ஊர் முகூர்த்தத்துக்கு நம் குறுஞ்செய்தி வேண்டியிருக்கிறது? யார் கல்யாணம் என்று தெரியாவிட்டால், மொய் எழுதாமல் அழித்துவிடலாம்.

போன வாரம் எதிர்வீட்டு மாமி ஓடி வந்தாள். விருதுநகரிலிருந்து பிள்ளை வீட்டார் ஜாதகத்தை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். திறக்கலாமா என்று கேட்டாள். 'பி.டி.எஃப்.' பைல். ஸ்டீவன்ஸின் கருவியில் போட்டுப் பார்த்தேன். திறந்தவுடன் ஓடும் கட்டளை: பூஜ்யம். ஜாவாஸ்கிரிப்ட்: பூஜ்யம். மறைத்து வைத்த பைல்: பூஜ்யம்.

"தோஷம் ஒன்றும் இல்லை, தைரியமாகத் திறக்கலாம்" என்றேன்.

"செவ்வாய் எட்டில் இருக்கிறதே, டீச்சர்?" என்றாள் மாமி, திறந்து பார்த்துவிட்டு.

அது என் இலாகா அல்ல என்று ஜோசியர் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.